அமரர் தம்புசாமி ரொட்டி சானாய் சாப்பிடுகிறார்

“எழுதினது யாருன்னு மட்டும் கண்டுபிடிச்சுக் குடுங்க ஆன்டி. மிச்சத்த நான் பாத்துக்கறேன்.”

“மிச்சம்னா என்னம்மா?”

“செருப்பு.”

“எழுதினது உங்க அப்பாவாவே இருந்தா?”

“அப்ப ரெண்டு செருப்பு.”

முந்தின நாள் ஷாமினியோடு பேசிய இந்தப் பேச்சு, கூட்டரசு நெடுஞ்சாலையில் வண்டி நிற்கும்போதெல்லாம் புஷ்பவல்லிக்கு ஞாபகம் வந்தது. வண்டி அடிக்கடி நின்றது.

பிரிக்பீல்ட்ஸில் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேல்மாடியில் துப்பறியும் அலுவலகம் வைத்திருக்கும் புஷ்பவல்லிக்கு ஐம்பது வயது. அதற்கு முன்னால் ஒரு காப்புறுதி நிறுவனத்தில் பொய்க் கோரிக்கைகளைப் பிடிக்கும் வேலை. கால் எலும்பு முறிந்துவிட்டது என்று எழுதிக் கொடுத்தவரைத் தைப்பூசத்தன்று பத்துமலையில் காவடியோடு படம் பிடித்தவள். அவளுடைய உதவியாளன் குரு. வண்டி ஓட்டுவது பாதி வேலை. வாய் ஓட்டுவது மீதி வேலை.

“அக்கா, அந்தப் பதிவ இன்னொரு தடவ படிங்க. இந்த ஜாமுக்கு ஏதாவது அழுகாச்சி வேணும்” என்றான் குரு.

புஷ்பவல்லி கைப்பேசியைத் திறந்தாள்.

‘கிள்ளான் அரட்டை’ என்பது இணையத்தில் ஒரு தமிழ்க் கருத்துக்களம். கூரை ஒழுகுவதிலிருந்து கொழுந்தியாள் சண்டை வரை அங்கே எதையும் கேட்கலாம். கேட்டவருக்குப் பதில் கிடைக்கிறதோ இல்லையோ, படிக்கிறவருக்குப் பொழுது போகும். சில வாரங்களாக அங்கே எல்லாரும் காத்திருந்து படிப்பது ‘பழைய சைக்கிள்’ என்ற புனைபெயரில் வரும் பதிவுகளை. அதில் முதலாவது இப்படி இருந்தது:

“தலைப்பு: செத்துவிட்டதாகச் சொல்லப்பட்ட அப்பா, மகளின் கல்யாணத்துக்கு வரலாமா?

வணக்கம். நான் லோரி ஓட்டுகிறவன். குடியால் குடும்பத்தை இழந்தவன். என் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. நான் இறந்துவிட்டதாக அவள் மாப்பிள்ளை வீட்டில் சொல்லியிருக்கிறாள்.

2. பல வருடங்களுக்கு முன்னால் என் மனைவி என் துணிப்பையை வாசல் கேட்டருகே வைத்தாள். சட்டைகளை எல்லாம் தேய்த்து மடித்து வைத்திருந்தாள். நீலக் கட்டம் போட்ட ஒரு சட்டை மட்டும் காயவில்லை என்பதால் கொடியிலேயே கிடந்தது.

3. இதுவரை செய்து பார்த்தவை: எதுவும் இல்லை. இன்னும் வாயைத் திறக்கவில்லை.

4. என் கேள்வி ஒன்றுதான். உயிரோடு இருப்பதை எப்படிச் சொல்வது?”

“மனுசன் உலுக்கிட்டாருலா” என்றான் குரு. “நானும்தான் போன மாசம் அதே அரட்டையில எழுதினேன். ‘அவசரம்! அவசரம்! உதவி தேவை!’ன்னு. வண்டி முன்னால கடகடன்னு சத்தம். ஒரே ஒரு பதில். ‘எதுக்கு அவசரம்?’னு கேட்டிருந்தான்.”

“நீ என்ன பதில் சொன்ன?”

“இப்ப அவசரம் இல்ல, முன் டயர் கழண்டு போயிருச்சுன்னு.”

புஷ்பவல்லி சிரித்தாள். ஆனால் ஷாமினியின் நிலைமையில் சிரிப்பதற்கு அதிகம் இல்லை. சுபாங் ஜெயாவில் மாப்பிள்ளை பிரவினின் அம்மா முதன்முதலாக அவளைப் பார்த்தபோது, “அப்பா என்னம்மா பண்றாரு?” என்று கேட்டார். குடிகாரர், எங்கே இருக்கிறார் என்று தெரியாது என்று சொல்வதற்குப் பதிலாக, “மாரடைப்புல செத்துட்டாரு ஆன்டி” என்றாள் ஷாமினி. சொல்லி முடித்ததும் மனது லேசாக இருந்ததாம். அந்த லேசான மனதோடு கல்யாணப் பத்திரிகையிலும் அப்பா பெயருக்கு முன்னால் ‘அமரர்’ என்று அச்சடித்துவிட்டாள். பாதிப் பத்திரிகை கொடுத்தும் ஆயிற்று. இப்போது பிரவினின் அம்மா இரவுச் சாப்பாட்டின்போது கைப்பேசியும் கையுமாக உட்கார்ந்து, “பாவம்லா அந்த லோரிக்காரரு. உயிரோட இருக்கற மனுசன சாகடிச்ச பொண்ணு யாரா இருக்கும்?” என்று எதிர்கால மருமகளிடமே கேட்கிறார். ஷாமினிக்குச் சாப்பாடு இறங்குவதில்லை. அந்தப் பெண் அவள்தான் என்று தெரிந்தால் கல்யாணம் நின்றுவிடும்.

“அக்கா, ஒண்ணு கவனிச்சீங்களா?” என்றான் குரு. “ரெண்டு, மூணு, நாலுன்னு நம்பர் போட்டிருக்காரு. ஒண்ணக் காணோம்.”

“மத்த பதிவுலயும் அப்படித்தான் இருக்கு.”

“லோரில வரும்போது எங்கேயோ விழுந்திருக்கும்.”

சுபாங் ஜெயா திருப்பத்தைத் தாண்டும்போது புஷ்பவல்லி கருத்துக்களத்தை நடத்தும் சிந்துஜாவை அழைத்தாள். ஒலிபெருக்கியில் போட்டாள்.

“பேரு, ஈமெயிலு எதுவும் தர மாட்டேன் அக்கா. அது ரூல்ஸ்” என்றாள் சிந்துஜா, வணக்கம் சொல்வதற்கு முன்பே.

“வேணாம்மா. அவங்க எப்படி எழுதக் கத்துக்கிட்டாங்கன்னு மட்டும் சொல்லு.”

சிந்துஜாவின் குரல் உடனே இளகியது. யாருமே அவளிடம் அதைக் கேட்டதில்லை போலிருக்கிறது. “அய்யோ, அவங்கதான் என்னோட பெஸ்ட் ஸ்டூடண்ட்! மொதல்ல வந்தப்ப எப்படி எழுதினாங்க தெரியுமா? தலைப்பு ‘ஒரு சந்தேகம்’. உள்ள ஒரே வரி. ‘கல்யாண மேடையில் யார் யார் நிற்கலாம்? தெரிந்தவர்கள் கூறவும்.’ அவ்வளவுதான்.”

“பதில் வந்துச்சா?”

“ரெண்டு. ஒருத்தர் ‘போட்டோகிராபர் நிற்கலாம்’னு எழுதினாரு. இன்னொருத்தர் ஏர்கோன் சர்வீசுக்கு விளம்பரம் போட்டாரு. எனக்குப் பாவமா போச்சு. நான் தனியா எழுதினேன். தலைப்புலயே கேள்வி தெரியணும். ஒரு பதிவுக்கு ஒரே கேள்வி. இதுவரைக்கும் என்ன செஞ்சு பாத்தீங்கன்னு சொல்லணும், இல்லாட்டி செஞ்சதையே செய்யச் சொல்லுவாங்க. படிக்கிறவங்க யாரு பக்கம் நின்னு பார்க்கணும்னு முடிவு பண்ணிக்கணும். முக்கியமா, கண்ணால பார்த்த ஒரு பொருளாவது உள்ள இருக்கணும். நிறத்தோட.”

“நீலக் கட்டம் போட்ட சட்டை மாதிரி” என்றாள் புஷ்பவல்லி.

“அதேதான்! மொத வரைவுல ‘துணிமணிகள்’னு இருந்துச்சு. என்ன துணின்னு கேட்டேன். சட்டை வந்துச்சு. என்ன சட்டைன்னு கேட்டேன். மறுநாள்தான் பதில் வந்துச்சு, ஆனா அந்த நீலத்தோட வந்துச்சு. அந்த ஒரு சட்டைக்கே நூறு பேரு அழுதாங்க. நம்பர் போடறதத்தான் நிறுத்த முடியல. எவ்வளவோ சொல்லிப் பாத்துட்டேன்.”

அழைப்பு முடிந்ததும் குரு, “என் கடகட சத்தத்துக்கு ஒரு நிறம் குடுத்திருக்கணும்” என்றான்.

மேரு என்ற ஊரில் தொழிற்பேட்டையை ஒட்டி லோரிகள் வரிசையாக நிற்கும் ஒரு திடல். ஷாமினியின் அப்பா தம்புசாமிக்கு அவளுடைய மாமா சபாபதி கொடுத்த விலாசம் அதுதான். திடலுக்கு எதிரே தகரக் கூரை போட்ட சாப்பாட்டுக் கடை. “தம்புசாமி அண்ணன்” என்று குரு விசாரித்ததும் கல்லாவில் இருந்தவர் மோவாயால் மூலை மேசையைக் காட்டினார்.

அறுபதைத் தாண்டிய, ஒல்லியான மனிதர். வெள்ளை மீசை. ரொட்டி சானாயைக் கிழித்துப் பருப்புக் குழம்பில் தோய்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் நுரை ததும்பும் தே தாரிக் தேநீர். பாட்டில் எதுவும் இல்லை என்பதைப் புஷ்பவல்லி முதலில் பார்த்துக்கொண்டாள்.

“செத்தும் பசி அடங்கல பாருங்க” என்று குரு அவள் காதில் முணுமுணுத்தான். அவள் அவன் காலை மிதித்தாள்.

தன்னை யாரென்று சொல்லி எதிரில் உட்கார்ந்தாள். கைப்பேசியில் அந்தப் பதிவைத் திறந்து மேசையில் வைத்தாள். “அண்ணே, இது நீங்க எழுதினதா?”

தம்புசாமி கையைத் துடைத்துக்கொண்டு கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். “கண்ணாடி இல்லம்மா. தம்பி, படி.”

குரு படித்தான். தலைப்பிலேயே தம்புசாமி கையை உயர்த்தினார்.

“யாரு செத்தது?”

குரு புஷ்பவல்லியைப் பார்த்தான். புஷ்பவல்லி தட்டைப் பார்த்தாள். இதற்குக் காப்புறுதி நிறுவனத்தில் பயிற்சி கொடுத்திருக்கவில்லை.

“நீங்கதான் அங்கிள்” என்றான் குரு.

“நானா?” தம்புசாமி கல்லாவைத் திரும்பிப் பார்த்தார், சாட்சிக்கு யாராவது வேண்டும் என்பதுபோல. “எப்ப?”

“மாப்பிள்ளை வீட்டுல கேட்டப்ப.”

“எதுல செத்தேன்?”

“ஹார்ட் அட்டாக்.”

அவர் நெஞ்சில் கையை வைத்துப் பார்த்தார். பிறகு தோள்கள் குலுங்கச் சிரித்தார். “பரவால்ல. ஈரல் கெட்டுச் செத்தான்னு சொல்லாம விட்டுச்சே. கௌரவமாத்தான் அனுப்பியிருக்கு எம்பொண்ணு.” சிரித்தபடியே தே தாரிக் குவளையை எடுத்தவர் குடிக்காமல் திரும்ப வைத்தார். “கல்யாணமா அதுக்கு? மாப்பிள நல்ல பையனா?”

“நல்ல பையன்தான்.”

“குடிப்பானா?”

“இல்லண்ணே.”

“சரி” என்றார். “சரி.”

அவர் அந்தப் பதிவை எழுதவில்லை என்பதை வேறு யாரும் சொல்லத் தேவையில்லை. மகளுக்குக் கல்யாணம் என்பதே இப்போதுதான் அவருக்குத் தெரிகிறது. அவருடைய கைப்பேசியும் மேசையில்தான் கிடந்தது. ஓரத்தில் ரப்பர் வளையம் போட்ட, பொத்தான் வைத்த பழைய சாதனம். அதில் கருத்துக்களம் என்ன, நல்ல வெளிச்சம்கூட வராது.

ஆனாலும் குருவை மிச்சத்தைப் படிக்கச் சொன்னாள். சட்டை வந்ததும் தம்புசாமி நிமிர்ந்தார்.

“என்ன சொன்ன? காயலையா?”

“‘நீலக் கட்டம் போட்ட ஒரு சட்டை மட்டும் காயவில்லை என்பதால் கொடியிலேயே கிடந்தது.’”

“நான் ரொம்ப நாளு நெனச்சிருந்தேன், வேணும்னே எடுத்து வெச்சிக்கிட்டான்னு. எனக்குப் பிடிச்ச சட்டை அது. ரவாங்ல ஒரு ரூம்ல தங்கியிருந்தேன் அப்ப. பையத் தலகீழா கொட்டித் தேடினேன். அதுக்காகவே இன்னும் ரெண்டு கிளாஸ் குடிச்சேன்.” தலையை ஆட்டினார். “ஈரமா இருந்துச்சா அது...”

புஷ்பவல்லி கணக்குப் போட்டாள். பையைத் தூக்கிக்கொண்டு போனவருக்குச் சட்டை இல்லை என்பது தெரியும். ஏன் இல்லை என்பது தெரியாது. அது ஈரமாக இருந்தது என்பது பையை அடுக்கியவருக்கு மட்டும் தெரியும்.

இதற்குள் குரு வாயைச் சும்மா வைத்திருக்க முடியாமல் சுவரைப் பார்க்கப் போயிருந்தான். அங்கே கால்வாயில் எண்ணெய் ஊற்றக் கூடாது என்று ஊராட்சி மன்றம் அனுப்பிய மலாய்க் கடிதம் ஒன்றை ஒட்டியிருந்தார்கள். “அக்கா! இங்க பாருங்க, இவங்களும் ஒண்ணத் தொலைச்சிட்டாங்க. ரெண்டுல ஆரம்பிக்குது.”

“அது தொலையல தம்பி” என்றார் தம்புசாமி, ரொட்டிக்குத் திரும்பியபடி. “கவர்மெண்டுக் கடுதாசி எல்லாம் அப்படித்தான். மொதப் பத்திக்கு நம்பர் போடக்கூடாதாம். எம்பொண்டாட்டி கவர்மெண்டு ஆபீஸ்ல கிராணி, கடுதாசி எழுதற வேலை. அவளுக்கு அது கையில ஊறிப்போச்சு. வீட்டுக்கு வாங்கற சாமானுக்குச் சீட்டு எழுதினாலும் அப்படித்தான் எழுதுவா. வெங்காயம், ரெண்டு தக்காளி, மூணு தேங்கான்னு இருக்கும். நான் பாசார்ல நின்னுக்கிட்டு ரெண்டு தக்காளிய வெச்சி எப்படிலா ரசம் வெப்பான்னு முழிச்சிருக்கேன்.”

குரு சுவரருகிலேயே நின்றுவிட்டான். அவன் வாய் திறந்திருந்தது. அதிலிருந்து எதுவும் வராதது புஷ்பவல்லியின் நினைவில் அதுவே முதல் தடவை. அவளுக்கும் தன் தலையில் குட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. காப்புறுதி வேலையில் இருபது வருடம் அரசாங்கக் கடிதங்களைக் கோப்பில் போட்டவள் அவள். ஒன்று காணாமல் போனதைப் பார்த்தாள், எங்கே போயிற்று என்று கேட்கவில்லை.

எழுந்தபோது, “கல்யாணத்துக்கு வரீங்களாண்ணே?” என்று கேட்டாள்.

“கூப்பிடாத கல்யாணத்துக்குச் செத்தவன் போகலாமா?” தம்புசாமி சிரித்தார். “எம்பொண்ணு சொன்னது சொன்னதா இருக்கட்டும். நான் செத்தவனாவே இருந்துட்டுப் போறேன். ஒண்ணும் கெட்டுப்போகல, லோரி மொதலாளி வேலைக்குக் கூப்பிட்டா மட்டும் எழுந்திரிச்சு வந்துர்றேன்.”

ஷாமினியும் அம்மாவும் குடியிருக்கும் பண்டமாரானுக்குப் போகும் வழியில் குருதான் முதலில் பேசினான். “அப்ப, அந்தம்மா புருசன் வேசத்துல எழுதியிருக்காங்க. புருசன் திரும்பி வரணும்னு. நல்லா இருக்குலா அக்கா. கடைசியில எல்லாரும் கட்டிப்பிடிச்சு அழுவாங்க. நமக்கும் பிரியாணி.”

“அப்படித்தான் இருக்கும்” என்றாள் புஷ்பவல்லி. ஆனால் ‘ஒரு சந்தேகம்’ அவளை உறுத்திக்கொண்டே இருந்தது. கணவன் திரும்ப வேண்டும் என்று நினைக்கிறவள், மேடையில் யார் யார் நிற்கலாம் என்று ஏன் ஆரம்பிக்க வேண்டும்?

கைப்பேசியில் ஷாமினியை அழைத்து, வேலையிலிருந்து நேராக வீட்டுக்கு வரச் சொன்னாள்.

வீட்டில் ஷாமினி ஏற்கனவே வந்து காத்திருந்தாள். வேலையிடத்து உடையோடு, கழுத்தில் அடையாள அட்டை தொங்க, கூடத்தில் நடந்துகொண்டிருந்தாள். நாற்காலிகள் மேல் மஞ்சள் தடவிய பத்திரிகைக் கட்டுகள்.

“பாத்தீங்களா அந்த ஆள? அவருதானே? என்ன சொன்னாரு? காசு கேட்டாரா?”

“உட்காரும்மா.”

“நான் உட்கார மாட்டேன்.”

“உட்கார்ற வரைக்கும் நான் சொல்ல மாட்டேன்” என்றாள் புஷ்பவல்லி. ஷாமினி பத்திரிகைக் கட்டு ஒன்றைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

ஷாமினியின் அம்மா பவுனம்மாள் தட்டில் காப்பியோடு வந்தார். ஓய்வுபெற்ற தலைமைக் கிராணி. பருத்திப் புடவையின் மடிப்பு கலையாமல் இருந்தது. யாரையும் நேராகப் பார்க்கவில்லை. குவளைகளை வைப்பதற்குக் குனிந்தபோது புஷ்பவல்லி அவருடைய நெற்றியைப் பார்த்தாள். இரண்டு புருவத்துக்கும் நடுவே, வெயில் படாத தோலைப்போல வட்டமாக ஓர் இடம் வெளுத்திருந்தது. வருடக்கணக்காக அங்கே ஒரு பொட்டு இருந்திருக்க வேண்டும். சமீபத்தில்தான் எடுத்திருக்க வேண்டும்.

புஷ்பவல்லிக்கு ‘ஒரு சந்தேகம்’ புரிந்தது.

“அக்கா” என்றாள் மெதுவாக, “அந்த நீலச் சட்டை அப்புறம் காஞ்சுதா?”

தட்டு ஒரு கணம் அந்தரத்தில் நின்றது. பவுனம்மாள் அதை மேசையில் நேராக வைத்தார். ஓரம் மேசை ஓரத்தோடு சேருகிற மாதிரி ஒரு விரலால் நகர்த்தினார்.

“சாயங்காலமே காஞ்சிருச்சு தங்கச்சி” என்றார். “தேய்ச்சு வெச்சேன். எடுக்க வருவாருன்னு. வரல. நல்ல துணி. ரெண்டு வருசம் தரை தொடச்சேன்.”

குருவுக்குக் காப்பி புரை ஏறியது.

“என்ன சட்டை? யாரு சட்டை?” ஷாமினி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் அந்தப் பதிவைப் பலமுறை படித்தவள். மூளை சற்றுத் தாமதமாகத்தான் வந்து சேர்ந்தது. வந்து சேர்ந்ததும் மடியிலிருந்த கட்டு தரையில் விழுந்தது. “அம்மா! நீங்களா? நீங்களா அத எழுதினது? எதுக்கும்மா? அந்த ஆளு வேணுமா உங்களுக்கு? நம்மள விட்டுட்டுப் போன—”

“போகல. நான்தான் அனுப்பினேன்” என்றார் பவுனம்மாள். “அதுல எனக்கு ஒண்ணும் வருத்தம் இல்ல. இன்னிக்கு வந்து நின்னாலும் துணிய மடிச்சுப் பையில வெச்சுக் குடுப்பேன்.”

“அப்ப எதுக்கு?”

பவுனம்மாள் தரைக்குக் குனிந்தார். புஷ்பவல்லி காத்திருந்தாள். பதில் தெரிந்திருந்தும் அதைத் தான் சொல்லக்கூடாது என்று அவளுக்குத் தோன்றியது. ஷாமினி அவளிடம் கேட்ட ‘யார்’ என்பது முடிந்துவிட்டது, இது வேறு.

“மொதல்ல நான் நானாவே, எனக்காகத்தான் கேட்டேன்” என்று சொல்லியபடி பவுனம்மாள் தரையில் சிதறிய பத்திரிகைகளைப் பொறுக்கத் தொடங்கினார். “ஒரு வரி. எவனும் சீண்டல. அந்தப் பொண்ணு சிந்துஜா, படிக்கிறவங்க யாரு பக்கம் நிப்பாங்கன்னு யோசிங்கன்னு எழுதிச்சு. யோசிச்சேன். பெத்த தாய் கேட்டா ரெண்டு பதிலு, அதுல ஒண்ணு ஏர்கோன். குடிகாரன் அழுதா ஊரே வருது. சரி, குடிகாரனாவே அழுவோம்னு அழுதேன். அவரு உயிரோட இருக்காருன்னு ஊரு ஒத்துக்கிட்டா, அடுத்து என்னையும் ஒத்துக்கணுமில்ல?”

“உங்கள என்னம்மா ஒத்துக்கணும்? என்ன பேசறீங்க?”

“ஆபீஸ்ல முப்பது வருசம் அடுத்தவங்களுக்காகக் கடுதாசி எழுதியிருக்கேன் ஷாமினி. இந்த ஜில்லாவுல எவனுக்கு என்ன வேணும்னாலும் நாலு பத்தியில கேட்டுக் குடுப்பேன். எனக்குன்னு ஒண்ணு கேக்க எனக்கு வரல.” அவர் பத்திரிகைகளை அடுக்கி முழங்காலில் தட்டி ஓரத்தைச் சமன் செய்தார். “பிரவின் வீட்டுல இருந்து பொண்ணு பார்க்க வந்தாங்கல்ல. அன்னிக்குக் காலையில நீ என் ரூமுக்கு வந்த. ‘அம்மா, பொட்ட மட்டும் எடுத்துருங்கம்மா, ப்ளீஸ், சந்தேகம் வரும்’னு சொன்ன. எடுத்தேன். அவங்க அம்மா அன்னிக்கே சொல்லிட்டாங்க, சபாபதி அண்ணனும் அண்ணியும் மேடையில நின்னு தாரை வார்த்துக் குடுக்கட்டும், சம்பந்தியம்மா முன்னால வர வேணாம், நல்ல காரியம் பாருன்னு. நீ தலைய ஆட்டின. கையில போன் இருந்துச்சு. கவனிச்சியான்னுகூட எனக்குத் தெரியல.”

ஷாமினியின் கை தானாக உயர்ந்து வாயை மூடிக்கொண்டது. அவள் அப்பாவைச் சாகடித்தபோது கூடவே யாரைச் சாகடித்தாள் என்பது அவள் கண்ணில் மெல்ல ஏறுவதைப் புஷ்பவல்லி பார்த்தாள். பார்க்கப் பிடிக்காமல் ஜன்னலைப் பார்த்தாள். குரு மூக்கை உறிஞ்சினான். காப்பிதான் காரணம் என்பதுபோல ஒரு முறை இருமினான்.

“அம்மா... நான் அத யோசிக்கவே இல்லம்மா.”

“தெரியும். யோசிச்சிருந்தா செஞ்சிருக்க மாட்ட.”

“இப்ப எப்படிம்மா... பிரவின் அம்மாகிட்ட என்னன்னு போய்... கார்டெல்லாம்...”

“அது உன் பாடு. நீதான் பொய் சொன்ன, நீதான் பொழைக்க வைக்கணும்.”

“நீங்க என்கிட்ட நேரா சொல்லியிருக்கலாமேம்மா! ஊருக்கெல்லாம் எழுதினதுக்கு என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா...”

“எத்தனையோ தடவ உன் ரூம் வாசல்ல வந்து நின்னிருக்கேன். நீ லைட்ட அணைப்ப. நான் திரும்பிப் போய் இன்னொரு தடவ திருத்தி எழுதுவேன்.”

ஷாமினி எழுந்து வந்து தாயின் முன்னால் தரையில் உட்கார்ந்தாள். அடையாள அட்டை முழங்காலில் இடித்தது. “இப்ப லைட்டு எரியுதும்மா. இப்பக் கேளுங்க. என்ன வேணும் உங்களுக்கு?”

பவுனம்மாள் புஷ்பவல்லியைப் பார்த்தார், குருவைப் பார்த்தார், அடுக்கி முடித்த பத்திரிகைக் கட்டைப் பார்த்தார். பிறகு, ஆபீஸில் அதிகாரியின் அறைக்குள் நுழைவதற்கு முன்னால் செய்வதுபோல, புடவைத் தலைப்பை இழுத்துச் சரிசெய்துகொண்டார்.

“அந்த மனுசன் வந்தா வரட்டும், வராட்டிப் போகட்டும். எனக்கு அது முக்கியம் இல்ல” என்றார். “உன்ன நான் பெத்தேன். உன்ன நான் வளர்த்தேன். நல்லாப் பெரிசா ஒரு பொட்டு வெச்சுக்கிட்டு, மேடையில உன் பக்கத்துல நின்னு, என் கையாலதான் உன்னத் தாரை வார்த்துக் குடுக்கணும். என்ன மேடைக்குக் கூப்பிடும்மா.”